“கேஸ் தீர்ந்துபோச்சு” என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பனில் டிசம்பர் பிறந்தால் தைப்பூசக் காவடி முடிகிறவரை ஏசி மெக்கானிக்குகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க், டொங்காட் என்று எங்கே பார்த்தாலும் இதே நிலைதான். புழுக்கம் தாங்காத நேரத்தில் கையில் கிடைத்த எண்ணுக்குப் போன் போடுகிறோம். பக்கி என்கிற சிறு பிக்கப் வண்டியில் ஏணியோடு வருகிறவர் வெளி யூனிட்டின் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கேஸ் தீர்ந்துபோச்சு, டாப் அப் பண்ணணும்” என்கிறார். நாமும் சரி என்று தலையாட்டுகிறோம். வீட்டு ஏசியைப் பழுதுபார்க்க நம்பிக்கையான நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது. எதையும் அளக்காமல் இப்படிச் சொல்கிறவரை இயந்திரத்தில் கை வைக்க விடாதீர்கள்.

காரோட்ட ஓட்ட பெட்ரோல் தீர்வதுபோல ஏசியின் கேஸ் தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிவருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்க்கிற வேலை. இரண்டு மாதத்தில் மறுபடியும் அவரையே கூப்பிட வேண்டியிருக்கும். அதற்குள் குறைந்த கேஸில் ஓடி ஓடி கம்ப்ரசர் சூடேறிக் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. கம்ப்ரசரைக் குளிரவைப்பதே திரும்பி வரும் அந்தக் குளிர்ந்த கேஸ்தானே.

கசிவு பெரும்பாலும் இருக்கும் இடம் குழாய் முனையை விரித்து நட்டுப் போட்டு முறுக்கிய ஃப்ளேர் இணைப்பு. வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு பித்தளை நட்டுகள் தெரியும். அவற்றை உற்றுப் பாருங்கள். நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டிய கருந்தூசியும் இருந்தால், அங்கேதான் கேஸ் போயிருக்கிறது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சிறிது கலந்து சுற்றுவதால் கசிகிற இடத்தில் இந்தக் கறை விழும். நல்ல மெக்கானிக் அந்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு நாலைந்து நிமிடம் காத்திருப்பார். பெரிய கசிவென்றால் உடனே குமிழ் எழும். சின்னக் கசிவில் கடுகளவு குமிழ்கள் மெல்லத் திரண்டு வெண்மையாகப் பூத்து நிற்கும். தடவியவுடன் துடைத்துவிட்டு “ஒன்றுமில்லை” என்கிறவர் கசிவைத் தேடியதாகக் கணக்கில்லை.

கசிவு கிடைத்தபின் மிச்சமிருக்கும் கேஸை ரிகவரி மெஷினால் சிலிண்டரில் வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றில் திறந்து விடுவது குற்றமும் கேடும் ஆகும். பிறகு பழைய முனையை வெட்டி, பிசிறு நீக்கி, புதிதாக ஃப்ளேர் போட வேண்டும். விரித்த முனையின் உள்முகம் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் மயிரிழை வெடிப்போ கீறலோ தெரிந்தால் அது மறுபடி கசியும். நட்டை இரண்டு ஸ்பானர் பிடித்து முறுக்க வேண்டும். ஒன்று வால்வைப் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலத்துக்கு 33 முதல் 42 என்று முறுக்கு அளவே இருக்கிறது. பலம் உள்ளவரை முறுக்கினால் செப்பு மெலிந்து வெடிக்கும்.

அடுத்தது நைட்ரஜன். உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தோடு குழாயில் ஏற்றி, அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெல்டிங் வைக்கிறார் என்றால் அப்போதும் குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்புறம் செப்பு ஆக்சைடு கரும்பொருக்காகப் படிந்து, பின்னால் அதுவே உதிர்ந்து மெல்லிய கேப்பிலரி குழாயை அடைக்கும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லாமல் கசிவு வேலைக்கு வருகிற நிறுவனத்தைத் திருப்பி அனுப்புவதுதான் நல்லது. ஆக்சிஜனை ஏற்றிச் சோதிக்கிறவர் யாராவது இருந்தால் உடனே நிறுத்துங்கள். எண்ணெயோடு அழுத்தப்பட்ட ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

அதன் பிறகு வாக்குவம். குழாயில் புகுந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுக்க வேண்டும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பத்து நிமிடம் பம்ப் ஓடினாலே கேஜ் முள் கீழே போய் நின்றுவிடும். ஆனால் ஈரம் உள்ளேயே இருக்கும். மிச்சமிருக்கும் மிகச் சிறிய அழுத்தத்தையும் அளக்கும் மைக்ரான் கேஜில் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு மிச்சம். ஜோஹானஸ்பர்க், லெனேசியா பக்கத்து வாசகர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தமே 83 கிலோபாஸ்கல் அளவுதான். டர்பனில் 30 அங்குலம்வரை இறங்கும் சாதாரண கேஜ் முள் அங்கே முழு வாக்குவத்திலும் 25 அங்குலத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். முள்ளை மட்டும் பார்த்து வேலை செய்கிறவர் அங்கே ஏமாறுவார், வீட்டுக்காரரும் ஏமாறுவார். மைக்ரான் கேஜ் வைத்திருக்கிறாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

கேஸை எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். எந்தக் கேஸ், எத்தனை கிலோ என்பது வெளி யூனிட்டின் பக்கத்தில் ஒட்டிய பெயர்ப்பலகையிலேயே அச்சாகியிருக்கும். ஒரு படுக்கையறைக்குப் போடும் 12,000 பிடியூ இயந்திரத்தில் அது ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். “இரண்டரைக் கிலோ போட்டோம்” என்று பில் வந்தால் பலகையோடு ஒப்பிட்டுக் காட்டி விளக்கம் கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தமும் மாறும். கேஜ் அழுத்தத்தை மட்டும் வைத்து அதில் கேஸ் குறைவா நிறைவா என்று சொல்ல முடியாது. முழுக்க எடுத்து, தராசில் வைத்து, பலகையில் உள்ள எடைக்குப் போடுவதே வழி. ஆர்-22 என்னும் பழைய வகை கேஸ் உள்ள இயந்திரம் சரியாக ஓடும்போது உறிஞ்சு பக்கம் 60 முதல் 70 பிஎஸ்ஐ காட்டும், அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ கேஸ் உள்ளது 110 முதல் 130 வரை காட்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. எண்ணெயும் வேறு, அழுத்தமும் வேறு. ஆர்-22, ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி படிப்படியாக நிறுத்தப்பட்டு வருவதால் “அதுக்குப் பதிலா வேற ஒன்னு போடுறேன்” என்று சிலர் எரியும் வாயுவை ஏற்றிவிடுகிறார்கள். அதற்கென்று செய்யப்படாத இயந்திரத்தில் புரொப்பேன் ஏற்றுவது படுக்கையறைச் சுவரில் ஆபத்தை மாட்டிவைப்பதுதான். போட்ட கேஸின் பெயரும் எடையும் பில்லில் எழுதப்பட வேண்டும். எழுத மறுப்பவருக்குப் பணம் கொடுக்கத் தயங்குங்கள்.

இவ்வளவும் கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால்தான். குளிர் குறைந்த வீடுகளில் பாதிக்கு மேல் வேறு காரணமாக இருக்கக்கூடும் என்பதே என் எண்ணம். உள் யூனிட்டில் கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலில் ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு என்று உடனே முடிவுகட்டுவார்கள். ஃபில்டரிலும் புளோயர் சக்கரத்திலும் அழுக்கு அடைத்துக் காற்று குறைந்தாலும் அதேபோல் ஐஸ் கட்டும். ஃபில்டரைக் கழுவி, ஃபேன் மட்டும் ஓடவிட்டு ஐஸை உருக்கி, பிறகு மறுபடி ஓட்டிப் பார்க்காமல் கேஜ் மாட்டுவதே தவறு. அதேபோல வெளி ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் “ம்ம்” என்று முனகிவிட்டு நின்றுபோகிறது என்றால், இன்வெர்ட்டர் அல்லாத இயந்திரத்தில் முதல் சந்தேகம் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர். அதன் மேலேயே 30 அல்லது 35 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். மீட்டரில் அது 20 காட்டினால் மாற்ற வேண்டியது அதைத்தான். சில நூறு ராண்டில் முடிகிற வேலைக்குக் கம்ப்ரசரே போய்விட்டது என்று பல ஆயிரம் கேட்பதுதான் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. கம்ப்ரசர் எரிந்துவிட்டது என்று சொல்பவர், அதன் மூன்று முனைகளுக்கிடையே உள்ள ஓம் அளவையும், முனைக்கும் உடலுக்கும் இடையிலான இன்சுலேஷன் அளவையும் காட்ட வேண்டும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுகிறது என்றாலும் உடனே கம்ப்ரசரைக் குற்றம் சொல்லக் கூடாது. மழைக்குப் பிறகு வெளி யூனிட் டெர்மினலில் ஈரம் புகுந்தாலும், பல்லி மாட்டிச் செத்துக் கிடந்தாலும் அப்படித்தான் விழும்.

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெட்டிங் காலத்தில் இன்னொரு பேச்சு பெருகியது: “போர்டு போயிடுச்சு.” மின்சாரம் திரும்பி வரும்போது வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளத்தான் இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகையான பிசிபி போர்டின் வாயிலில் நீலத் தட்டுபோல ஒரு வேரிஸ்டரும் ஒரு கண்ணாடி ஃப்யூஸும் வைத்திருக்கிறார்கள். வேரிஸ்டர் வெடித்து ஃப்யூஸ் கருகியிருந்தால் பல நேரங்களில் அந்த இரண்டை மாற்றினாலே இயந்திரம் ஓடும். போர்டைக் கழற்றிப் பார்க்காமலேயே புதுப் போர்டுக்கு விலை சொல்கிறவரிடம் ஃப்யூஸைக் காட்டச் சொல்லுங்கள். நீங்களாகத் திறக்க மட்டும் வேண்டாம். இன்வெர்ட்டர் வெளி யூனிட்டின் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். அதை இறக்கத் தெரிந்தவர்தான் கை வைக்கலாம். நீங்கள் செய்யக்கூடியது, ரிமோட்டிலோ உள் யூனிட்டிலோ மின்னும் எரர் கோட் எண்ணைக் குறித்துவைத்து போனில் சொல்வது. அந்த எண்ணைக் கேட்டதும் எந்த மாடல் என்று திருப்பிக் கேட்பவர் வேலை தெரிந்தவர்.

கடலோரத்துக்கு வருவோம். இசிபிங்கோ, மெரபேங்க், அமான்சிம்டோட்டி வீடுகளில் இயந்திரம் கெடுவதற்கு உப்புக்காற்றுதான் பெரிய காரணம். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். விரலால் தேய்த்தால் தகடு பொடியாகிறது என்றால் அந்தக் காயிலுக்கு ஆயுள் முடிந்தது. அதில் கேஸ் நிரப்புவது காசைக் கரியாக்குவது. இதைத் தள்ளிப்போட மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில், அழுத்தம் அதிகமில்லாமல், உள்ளிருந்து வெளியாக அலசினாலே போதும். காரக் கெமிக்கல் அடித்துப் பளபளப்பாக்கிக் காட்டுகிறவர்கள் அந்தத் தகட்டையே அரிக்கிறார்கள். வெளி யூனிட்டைத் தாங்கும் பிராக்கெட்டையும் போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் மாடிச் சுவரில் முப்பது கிலோவைத் தாங்கும் போல்ட் துருப்பிடித்து மெலிந்திருப்பதை, சர்வீஸுக்கு வருகிறவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுக்குக் கூடுதல் செலவு வைக்கிற நிறுவனம் உங்களை ஏமாற்றவில்லை.

இனிச் சட்டம். தென்னாப்பிரிக்காவில் ஏசி கேஸைக் கையாளுகிறவர், தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009-இல் வந்த அழுத்தக் கருவி விதிகளின்படி, பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பதிவைச் செய்வது எஸ்ஏக்யூசிசி கேஸ் (SAQCC Gas) என்னும் அமைப்பு. பதிவு பெற்றவரிடம் போட்டோ, எண், காலாவதி தேதியுடன் அட்டை இருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சமையல் கேஸ் பொருத்துகிறவருக்கும் இதே அமைப்புதான் அட்டை தருகிறது. அட்டையைக் காட்டினார் என்பதோடு விட்டுவிடாமல், அதில் குளிர்சாதனம், ஏர் கண்டிஷனிங் பிரிவு இருக்கிறதா, தேதி முடியவில்லையா என்று வாங்கிப் பாருங்கள். கம்பெனி பதிவு பெற்றது என்பதும் போதாது. உங்கள் வீட்டுக்கு வந்து நிற்கிற ஆளிடம் அட்டை வேண்டும். புதிதாக ஏசிக்கென்று தனி மின்லைன் இழுத்தால் அதற்குப் பதிவு பெற்ற மின்பணியாளரின் மின் இணக்கச் சான்றிதழ் தேவை. வீட்டை விற்கும்போது இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சான்றிதழ் கேட்பார்கள்; அப்போது அலைவதைவிட வேலை முடிந்த அன்றே வாங்கிவைப்பது சுலபம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம், பழுதுபார்ப்பு வேலைக்கு மூன்று பிடிமானங்களைத் தருகிறது. வேலை தொடங்குமுன் மதிப்பீடு கேளுங்கள். கேட்டுவிட்டால், உங்கள் ஒப்புதல் இல்லாமல் செய்த வேலைக்கோ மதிப்பீட்டுக்கு மேலான தொகைக்கோ பணம் கேட்க 15-ஆம் பிரிவு இடம் தரவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்கவும் கழற்றிப் பார்க்கவும் கட்டணம் உண்டென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். மாற்றிய பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் 57-ஆம் பிரிவில் இருக்கிறது; “எலக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு வாரண்டி இல்லை” என்று பில்லில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினாலும் அது மாறாது. மூன்றாவதுதான் நம்மில் பலர் கேட்காமல் விடுவது: கழற்றிய பழைய பாகத்தை, நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை, தனியாக எடுத்துவைத்து உங்களிடம் தர வேண்டும் என்கிறது 67-ஆம் பிரிவு. பழைய கெபாசிட்டரும் பழைய போர்டும் உங்கள் கையில் வந்தால், மாற்றாததை மாற்றினேன் என்று சொல்ல முடியாது. தகராறு வந்தால் நுகர்வோர் பொருள், சேவை ஒம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அப்போது எழுத்தில் வாங்கிய மதிப்பீடும் கேஸ் எடை எழுதிய பில்லும்தான் பேசும்.

வந்து பார்ப்பதற்கு கால்-அவுட் கட்டணம் கேட்பது தவறில்லை. பெட்ரோலும் நேரமும் அவருக்கும் செலவுதான். “வந்து பார்க்க இலவசம்” என்கிறவர் அந்தச் செலவை வேறெங்காவது எடுத்துக்கொள்வார். நான் சந்தேகிப்பது கட்டணத்தைச் சொல்லாதவரைத்தான். அதேபோல “இந்த மெஷினைச் சரிசெய்ய வேண்டாம்” என்று துணிந்து சொல்கிறவரை மதிக்கிறேன். பத்து ஆண்டு ஓடிய ஆர்-22 இயந்திரத்தில் காயிலே கசிகிறது என்றால், அதுதான் நேர்மையான பதில்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்குமுன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைக் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, உள் யூனிட் காற்றை இழுக்கும் மேற்பக்கத்திலும் குளிர் வெளிவரும் வாயிலிலும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். டர்பன் ஈரப்பதத்தில் 8-ஐ ஒட்டியிருந்தாலும் குறையில்லை, தண்ணீரைப் பிழிந்தெடுக்கவே அதன் பலத்தில் நல்ல பங்கு போகிறது. டிரெயின் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சுவரில் ஒழுகும் ஏசிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு அந்தக் குழாயில் அடைத்த பாசிதான். ஹீட்டிங் வசதியுள்ள இயந்திரமென்றால் அதையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சர்வீஸுக்கு ஏற்ற காலம் ஆவணி. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்த பிறகு, புரட்டாசி விரதம் பிடிக்குமுன், இங்கே குளிர் விலகுகிற நேரம் அது. மெக்கானிக்குகளுக்கும் வேலை குறைவு, நிதானமாகச் செய்வார்கள். சர்வீஸ் என்றால் ஃபில்டரை உதறிவிட்டு நறுமணம் அடிப்பதல்ல. புளோயர் சக்கரத்தின் இதழ்களில் கருப்பாக ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்க வேண்டும், டிரெயின் தட்டைக் கழுவ வேண்டும், வெளிக் காயிலை அலச வேண்டும், டெர்மினல் ஸ்க்ரூக்களை இறுக்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அரைமணியில் நாலு யூனிட் முடித்தவர் எதை முடித்தார் என்று கேட்கத்தான் வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வேறு ஊரில் இருக்க, தனியாக வசிக்கும் தாத்தா பாட்டிகள் நம் பகுதிகளில் பலர். அவர்கள் மெக்கானிக்கைத் தேடுவது பத்திரிகை விளம்பரத்தில்தான். ஏசி பழுதுபார்ப்பு விளம்பரம் தருகிறவர்களிடம் எஸ்ஏக்யூசிசி கேஸ் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதைப் பதிவேட்டில் சரிபார்த்து, போன் எண்ணுக்குக் கீழே அச்சிடுங்கள். எண் தராதவரின் விளம்பரத்தைத் தள்ளிவையுங்கள். வருகிற ஆவணிக்குள் இதைத் தொடங்கினால், அடுத்த டிசம்பரில் அந்தப் பெரியவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விக்குப் பதில் விளம்பரத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
குளிர்சாதனப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்